கஞ்சாச் செடியில் இலை விளிம்பு மடிகிறது: பூச்சியா, சத்துக் குறைவா?

கரையோரம் (ஸ்காபரோ), ஜூலை 6

வணக்கம். நிலவறைக் கூடாரத்தில் இரண்டும் பின்வளவில் பெரிய சாடிகளில் இரண்டுமாக, ஒரு வீட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் நான்கு செடிகளையும் இந்த வருடம் வளர்க்கிறேன். வெளியில் நிற்பவை விதையிலிருந்து வந்தவை. கூடாரத்தில் நிற்பவை, நண்பர் ஒருவர் தண்டுத் துண்டுகளை வேர்விட வைத்துத் தந்த கன்றுகள். கூடாரத்தில் விளக்கு நாளொன்றுக்கு 18 மணி நேரம் எரிகிறது. வெப்பநிலை 27 பாகை அளவிலும் ஈரப்பதம் 45 சதவீத அளவிலும் நிற்கின்றன.

கூடாரத்துச் செடிகளின் அடியிலைகள் பளபளப்பை இழந்து மங்கிவிட்டன. இலையின் இரு விளிம்புகளும் மேல்நோக்கி மடிகின்றன. இலைக்காம்புகளும் தண்டின் கீழ்ப்பகுதியும் பச்சை மாறிப் பழுப்பு மஞ்சளாகத் தெரிகின்றன. வலை எதுவும் இல்லை, வெறுங்கண்ணுக்குப் பூச்சியும் தெரியவில்லை. வெளியில் நிற்கும் செடிகளின் பிரச்சினை வேறு: இலைகளின் மேல் வெள்ளைத் தோல் துணுக்குகள் கிடக்கின்றன, தொட்டால் ஒட்டுகிறது, எறும்பும் ஏறுகிறது. போதாததற்கு, கூடாரத்துச் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்புகின்றன. இவை எல்லாம் ஒரே பூச்சியின் வேலையா? ஒரே மருந்தை நான்கு செடிகளுக்கும் அடித்துவிடலாமா?

மிளகாய்ச்சாடி (பிரம்டன்), ஜூலை 6

அடியிலையில் தொடங்கி மேலே போகிறது என்றால் எனக்கு முதலில் மக்னீசியக் குறைவுதான் நினைவுக்கு வருகிறது. சாடியில் வளரும் செடிகளுக்கு, அதுவும் தேங்காய்த் தும்பு கலந்த ஊடகத்தில் நிற்பவற்றுக்கு, இது அடிக்கடி வரும். மக்னீசியம் உள்ள எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஒரு கிழமை பொறுத்துப் புதிய இலைகளைப் பாருங்கள். பூச்சி கண்ணில் படவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இல்லாத பூச்சிக்கு மருந்து அடிப்பானேன்?

நெறியாளர், ஜூலை 6

வழக்கமான குறிப்பு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ள கஞ்சாச் சட்டத்தின்படி வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்ப்போருக்காகவே இந்த இழை திறந்திருக்கிறது. கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதற்கு மாகாணத் தடை உண்டு. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றி வளர்ப்பது குற்றம். இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம். அந்நாடுகளிலிருந்து படிப்பவர்கள் மிளகாய், தக்காளி, கத்தரிக்குப் பயன்படும் செய்திகளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

பூச்சிநோக்கி (லீமிங்டன்), ஜூலை 7

தம்பி, மருந்துப் போத்தலைத் தொட முன்னர் உருப்பெருக்கியை எடுங்கள். நான் பசுமைக்குடிலில் வெள்ளரிக்கும் குடைமிளகாய்க்கும் பூச்சி பார்க்கிற வேலை செய்கிறவன்; நீங்கள் எழுதியதைப் படித்தால் குறைந்தது மூன்று வெவ்வேறு உயிர்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றுக்கு அடிக்கிற மருந்து மற்றொன்றைத் தொடாது. சிலவேளை அதைப் பெருக்கியும் விடும். இமிடாகுளோபிரிட் அடித்த செடிகளிலும் பைரித்திராய்டு அடித்த செடிகளிலும், இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் திடீரெனப் பெருகுவது பல பயிர்களில் கண்டறியப்பட்ட செய்தி. அந்த மருந்துகள் பேனைத் தின்னும் உயிர்களைக் கொன்றுவிட்டுப் பேனை விட்டுவிடுகின்றன. இமிடாகுளோபிரிட் செடியின் சாற்றோடு ஓடிப் பூ வரை போய் நிற்கும் என்பதால், கஞ்சாச் செடியில் அதற்கு இடமே இல்லை.

மக்னீசியக் குறைவைப் பற்றி: நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் படர்வதுதான் அதன் அடையாளம். இலையின் மினுமினுப்பு போவதும், விளிம்பு மேல்நோக்கி மடிவதும், காம்பு பழுப்பாவதும் சேர்ந்து வந்தால் நான் உப்புக் கரைசலை நம்பமாட்டேன். சாதாரண இரு புள்ளிச் சிலந்திப்பேனும் இதைச் செய்வதில்லை. அது தின்ற இலையின் மேற்புறத்தில் ஊசிமுனை அளவில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தெரியும். கீழ்ப்புறத்தில் நடுநரம்பை ஒட்டி உருண்டையான, நிறமற்ற முட்டைகளும், உடம்பின் இரு பக்கமும் கரும்பொட்டு வைத்த பேன்களும் இருக்கும். அதைக் காணப் பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். வலை பின்னும்வரை காத்திருப்பவர்கள் பல தலைமுறை பிந்திவிடுகிறார்கள், ஏனென்றால் 27 முதல் 30 பாகை வரையிலான உலர்ந்த காற்றில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை அதற்கு ஏறக்குறைய ஒரு கிழமைதான் வேண்டும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அதைவிடச் சிறிய ஒன்று. 60 மடங்கு பெரிதாக்கும் பைக் கருவி எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. காய்ந்த இலையைப் பார்க்காதீர்கள். மங்கிய இலைக்கும் நலமான இலைக்கும் நடுவில் நிற்கிற இலையைக் காம்போடு கிள்ளி, காம்பும் இலைத்தாளும் சேரும் மூட்டையும் நடுநரம்பின் இரு ஓரத்தையும் பாருங்கள். செத்த இலையில் தின்ன ஒன்றும் மிச்சமில்லாததால் அவை அங்கிருந்து ஏற்கெனவே மேலே நகர்ந்திருக்கும்.

வேம்புநிழல் (ஒட்டாவா), ஜூலை 7

இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து, செடி முழுவதும் நனையும்படி கிழமைக்கு ஒரு தடவை அடித்தால் இவை மூன்றுமே அடங்கும். தலைமுறை தலைமுறையாக நாம் பயன்படுத்திய பொருள், இரசாயனமும் அல்ல.

பூச்சிநோக்கி, ஜூலை 8

வேம்பின் மீது எனக்கும் மதிப்பு உண்டு, அண்ணா. ஆனால் கத்தரிக்காயைக் கழுவிச் சமைக்கிறோம், இந்தப் பூவைக் கழுவுவதும் இல்லை, சமைப்பதும் இல்லை. பிசின் நிறைந்த பூவில் படிந்த எண்ணெய் காய்ந்து போனாலும் அங்கேயே இருக்கும். அதை எரித்தோ சூடாக்கியோ இழுப்பவருக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகிறது. தின்பதற்குத் தீங்கில்லாத ஒரு பொருள் இழுப்பதற்கும் தீங்கில்லாதது என்று முடிவு செய்ய முடியாது. மைக்குளோபியூட்டனில் என்ற பூஞ்சணக்கொல்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: திராட்சையில் அனுமதிக்கப்பட்ட அதே மருந்து சூடாகும்போது ஹைட்ரஜன் சயனைட்டை வெளியிடுகிறது. உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் சரக்கிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டுச் சந்தையிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டது. அதன் பின்னர்தான் ஹெல்த் கனடா 2019 ஜனவரி 2 முதல் 96 மருந்துப் பொருள்களுக்குக் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது. வீட்டில் வளர்ப்பவரின் பூவை யாரும் சோதிப்பதில்லை. அதனால் அவர் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, கடையில் இலைக்கு மினுக்கம் கொடுக்கும் எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படுவது பூச்சிமருந்து அல்ல. கனடாவில் பூச்சிமருந்தாகப் பதிவான பொருளின் லேபிளில் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கும்; எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் நிறுத்த வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். லேபிளில் கஞ்சா என்ற பயிர்ப்பெயர் இல்லையென்றால் அது இந்தச் செடிக்கு உரியதல்ல. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தோட்டங்களுக்கான மருந்துத் தடை வேறு இருக்கிறது. அந்தத் தடைக்குப் பிறகும் கையில் மிஞ்சியிருக்கிற பூச்சிக்கொல்லிச் சோப்பும், பி.டி. எனப்படும் பக்டீரியா மருந்தும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதுமானவை.

கரையோரம், ஜூலை 10

60 மடங்கில் பார்த்தேன். முதலில் தூசி என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருக்க, தூசி நகர்ந்தது. வெளிர்மஞ்சள் நிறம், நீண்ட உடம்பு, முன்பக்கம் அகன்று பின்பக்கம் கூராக ஒடுங்குகிறது. கால்கள் எல்லாம் தலைப்பக்கத்தில்தான் இருக்கின்றன, இரண்டு சோடிக்கு மேல் எண்ண முடியவில்லை. காம்பின் மூட்டில் அவை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. இரண்டு செடிகளிலும் இருக்கின்றன. வெளிச் செடிகளில் இவை இல்லை.

பூச்சிநோக்கி, ஜூலை 10

இரண்டு சோடிக் கால் என்றவுடன் வழக்கு முடிந்தது. இது கஞ்சாவின் துருச்சிலந்தி, அறிவியல் பெயர் அக்குலாப்ஸ் கன்னபிகோலா. மற்றச் சிலந்திப்பேன்களுக்கு வளர்ந்த பின் எட்டுக் கால். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஆயுள் முழுவதும் நான்கே கால். நீளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், ஆதலால் வெறுங்கண்ணுக்கு அகப்படாது. அது கஞ்சாவையே நம்பி வாழ்கிற உயிர். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையையோ ரோசாவையோ அது தேடிப் போகாது. விதையிலிருந்து வளர்த்த வெளிச் செடிகளில் அது இல்லாததும், தண்டுத் துண்டிலிருந்து வந்த இரண்டிலும் இருப்பதும் அது வந்த வழியைக் காட்டுகின்றன. துண்டு தந்த நண்பருக்கும் சொல்லிவிடுங்கள். அவருடைய தாய்ச்செடியில் நிச்சயம் இருக்கும், அவரும் அதைப் பசளைக் குறைவு என்றே நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

கோவைமண் (கோயம்புத்தூர்), ஜூலை 11

இந்தச் செடியோடு எனக்குப் பழக்கமில்லை, எங்கள் ஊரில் அது குற்றம். ஆனால் மிளகாயில் இதற்கு உறவான ஒரு தொல்லையை வருடந்தோறும் பார்க்கிறோம் என்பதால் ஒரு கேள்வி. எங்களுக்கு மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி என்று பிரித்துவிடுவோம். அந்த மஞ்சள் சிலந்தி பல பயிர்களில் வரக்கூடியது. அது கஞ்சாவிலும் வருவதில்லையா? அதற்கு நாங்கள் நனையும் கந்தகத் தூளைத்தான் தெளிக்கிறோம்.

பூச்சிநோக்கி, ஜூலை 11

வரும், அண்ணா. நல்ல நேரத்தில் கேட்டீர்கள். நீங்கள் சொல்கிற சிலந்தி இங்கே பசுமைக்குடிலில் குடைமிளகாயிலும் வருகிறது, கஞ்சாவிலும் ஏறுகிறது. பிரிக்கும் வழி இது: மஞ்சள் சிலந்தி கொழுந்தில் உட்கார்ந்து குருத்தை முறுக்கும், புதிய இலைகள் தடித்து, நனைந்தவை போல மினுங்கும். துருச்சிலந்தி கீழே தொடங்கி மேலே ஏறும். இலை மினுக்கத்தை இழக்கும். முட்டை கிடைத்தால் ஐயமே இல்லை, ஏனென்றால் மஞ்சள் சிலந்தியின் முட்டை நீள்வட்டமாக, மேலே வெண்பொட்டுகள் வரிசையாகப் பதிந்து இருக்கும். உருப்பெருக்கியில் அதைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

கந்தகம் துருச்சிலந்திக்கும் வேலை செய்யும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பூ தொடங்கிய செடிக்கு அடிக்கக்கூடாது. எண்ணெய் தெளித்த செடிக்கு அடுத்த சில கிழமைகளுக்குக் கந்தகம் ஆகாது, இலை கருகிவிடும். 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலிலும் அடிக்கக்கூடாது. நன்மை செய்யும் பேன்களையும் அது கொல்லும் என்பதால், கந்தகமும் இரைவிழுங்கிப் பேன்களும் ஒரே கிழமையில் ஒரே கூடாரத்துக்குள் ஒத்துவராது.

மிளகாய்ச்சாடி, ஜூலை 11

மக்னீசியம் இல்லை என்பது விளங்கியது. அப்படியானால் கந்தகத்தை அடித்துச் செடியைக் காப்பாற்றலாமே? இல்லாவிட்டால் பொதிகளில் விற்கிறார்களே, அந்த நன்மை செய்யும் பேன்களைக் கிளையில் தொங்கவிடலாம். இரண்டு செடிகளையும் தூக்கி எறியச் சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதம் வளர்த்தவருக்கு அது லேசான காரியமல்ல.

பூச்சிநோக்கி, ஜூலை 12

அதைத்தான் சொல்லப் போகிறேன், காரணத்தோடு. பொதியில் வருகிற இரைவிழுங்கிகள், குறிப்பாக ஸ்விர்ஸ்கி, ஆண்டர்சோனி என்ற பெயர்களில் விற்கப்படுபவை, துருச்சிலந்தியைத் தின்னும் என்பது உண்மை. பூச்சி வராமல் தடுக்க, அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்போது அடக்க, அவை உதவும். காம்பு மூட்டில் குவியலாகக் கிடக்கிற நிலையில் அவற்றால் எட்டிப்பிடிக்க முடியாது. பூப்பருவத்தில் கஞ்சாவின் பிசின் மயிர்களுக்குள் நடப்பதற்கும் அவை சிரமப்படும். பெர்சிமிலிஸ் என்று இன்னொன்று விற்கிறார்கள். அது இரு புள்ளிச் சிலந்திப்பேன் போன்ற வலை பின்னும் பேன்களை மட்டுமே தின்கிறது, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் கேட்கிறது. உங்கள் கூடாரத்தில் அதை விடுவது காசுக்குக் கேடு. அதை விட்ட ஒருவர், செம்மஞ்சள் நிறத்தில் விரைந்து ஓடும் புதுப் பூச்சி வந்துவிட்டது என்று பயந்து சோப்பு அடித்ததும் எனக்குத் தெரியும்.

கந்தகம் அடித்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் முற்றாக ஒழியாது. மிஞ்சியவை பூவுக்குள் ஏறும்போது உங்கள் கையில் எந்த மருந்தும் இருக்காது. வெளியில் இரண்டு நலமான செடிகள் நிற்கும்போது, உள்ளே நிற்கிற இரண்டும் அவற்றுக்கான தொற்று நிலையம். உங்கள் சட்டைக் கையே போதும் கொண்டுபோய்ச் சேர்க்க. அதனால் முடிவு செய்யும்வரை ஒரு ஒழுங்கைப் பின்பற்றுங்கள்: காலையில் முதலில் வெளிச் செடிகளைப் பாருங்கள், பிறகுதான் கூடாரம், கூடாரத்திலிருந்து வந்தால் உடுப்பு மாற்றாமல் பின்வளவுக்குப் போகாதீர்கள். கத்தரிக்கோலையும் அற்ககோலால் துடையுங்கள்.

கரையோரம், ஜூலை 13

இரண்டையும் கூடாரத்துக்குள்ளேயே வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றிவிட்டேன். நண்பரின் தாய்ச்செடியிலும் அதே பேன் இருப்பது உறுதியானது. கூடாரத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும்? வெளிச் செடிகளில் ஒட்டும் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது.

மிசிசாகா_அக்கா, ஜூலை 14

வெளிச் செடியைப் பற்றி நான் சொல்கிறேன், தம்பி, ஏனென்றால் என் வளவில் இது பழைய விருந்தாளி. நீங்கள் கண்ட வெள்ளைத் துணுக்குகள் அழுக்கணவன் கழற்றிய தோல்; தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அசுவினி என்று எழுதுவதும் இதைத்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையாக, சிலவேளை இளஞ்சிவப்புச் சாயலோடு, நடுநரம்பை ஒட்டி வரிசையாக இருக்கும். உடம்பின் பின்புறம் சின்னக் குழாய்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதேதான். ஒட்டுவது அதன் இனிப்புக் கழிவு. எறும்பு அதைத் தேடித்தான் வருகிறது. வந்த இடத்தில் அழுக்கணவனைத் தின்ன வருகிற பூச்சிகளை விரட்டிக் காவலும் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் அந்தக் கழிவின் மேல் கரும்பூஞ்சணம் படியும். பூவில் படிந்தால் அந்தப் பூ ஒன்றுக்கும் உதவாது.

கஞ்சாவுக்கென்றே உரிய அழுக்கணவன் இனம் ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவில் அதை முதலில் 2016இல் கொலராடோவில்தான் அறிவித்தார்கள். கோடை முழுவதும் ஆண் துணையின்றித் தாய் நேரே குஞ்சு போடுகிறது. குஞ்சு பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த குஞ்சு வளர்ந்துகொண்டிருக்கும். கூடாரத்தில் 18 மணி நேர விளக்கு என்றால் அதற்கு மழைக்காலமும் இல்லை, குளிர்காலமும் இல்லை, பெருக்கம் மட்டும்தான்.

நான் செய்வது இது. காலையில் தோட்டக் குழாயின் தண்ணீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சுவேன். கீழே விழுந்த அழுக்கணவனில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை இதைச் செய்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மாலையில் சோப்புக் கரைசல் தெளிப்பேன். சோப்பு பட்டதை மட்டும்தான் கொல்லும், காய்ந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. ஆகவே அடிப்புறம் நனையாவிட்டால் அடித்தும் அடிக்காததும் ஒன்றுதான். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றாதீர்கள். அது இலையின் மெழுகைக் கரைக்கும். எறும்பு ஏறாமல் இருக்கச் சாடியின் வெளிவிளிம்பில் ஒட்டுப்பட்டை சுற்றுங்கள். தழைச்சத்தையும் குறையுங்கள், கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிற செடியைத்தான் அழுக்கணவன் தேடி வருகிறது.

வேம்புநிழல், ஜூலை 14

அக்கா, பொறிவண்டுகளைப் பை பையாக விற்கிறார்களே, அவற்றை விட்டால் என்ன?

மிசிசாகா_அக்கா, ஜூலை 15

விட்டுப் பார்த்தவர்களின் வளவில் மறுநாள் அவற்றைக் காண்பது அபூர்வம். பையில் வருபவை பெரும்பாலும் கலிபோர்னிய மலைகளில் கூட்டமாகத் தூங்கும்போது அள்ளிக்கொண்டு வரப்பட்டவை. விழித்தவுடன் பறந்து போவதுதான் அவற்றின் இயல்பு. மலையில் இருந்ததை இப்படி அள்ளுவதே எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களை வாங்குங்கள். அவற்றுக்குச் சிறகு இல்லை, இருக்கிற செடியிலேயே தின்னும். தாமாக வந்து சேரும் பொறிவண்டுப் புழுவும் அப்படித்தான். கறுப்பு நிறத்தில் செம்மஞ்சள் பொட்டோடு, முதலை உருவத்தில் ஊர்ந்து திரிவதை நசுக்கிவிடாதீர்கள். அழுக்கணவனில் சில ஊதிப் பழுப்பாகி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள், உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது.

யப்பானிய வண்டும் இப்போதுதான் வரும் காலம். செப்பு நிற முதுகு, பச்சைத் தலை, இலையை நரம்பு மட்டும் மிஞ்சத் தின்னும். காலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர்ச் சட்டிக்குள் தட்டிவிட்டால் முடிந்தது. வண்டுப்பொறியை வாங்கி வளவில் மாட்டாதீர்கள்; அது பக்கத்து வளவுகளில் இருப்பவற்றையும் உங்களிடம் அழைத்து வரும்.

பூச்சிநோக்கி, ஜூலை 15

அக்கா சொன்னதற்கு மேல் அழுக்கணவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. கூடாரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறியில் சிறகு முளைத்த அழுக்கணவன் விழுந்து, இலையில் ஒன்றும் இல்லாவிட்டால் வேரைப் பாருங்கள். நெல் வேரைத் தின்னும் அழுக்கணவன் ஒன்று உள்வளர்ப்புக் கஞ்சாவிலும் குடியேறுகிறது. சாடியைக் கவிழ்த்தால் வேர்முடிச்சின் ஓரத்தில் கரும்பச்சையாகத் தெரியும்.

மண்ணிலிருந்து எழும்பும் கறுப்பு ஈக்கள் மூன்றிலும் எளியவை. அவை ஈரமண்ணில் பூஞ்சணத்தைத் தின்னும் சிறு ஈக்கள். ஈயால் கெடுதி இல்லை. அதன் புழு, கண்ணாடி உடம்பும் கறுப்புத் தலையும் உள்ளது, இளங்கன்றின் வேர்மயிரைக் கடித்து அழுகல் நோய்க்கு வழி திறக்கும். மண்ணின் மேல் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பினால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மேல்மண்ணை விரலின் இரண்டு கணு ஆழம் வரை காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவே பாதி வேலை. மீதிக்கு, மண்ணில் அந்தப் புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களின் பொதி இருக்கிறது. ஸ்டைனெர்னீமா ஃபெல்டியே என்று கேட்டு வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, மண் ஈரமாக இருக்கும் மாலையில் ஊற்ற வேண்டும். அதே நூற்புழு, மண்ணில் கூட்டுப்புழுவாக இருக்கிற இலைப்பேனையும் ஓரளவு பிடிக்கும். இலைப்பேன் உங்களிடம் இப்போது இல்லை. வந்தால் இலையில் வெள்ளி நிறக் கீறலும் அதன் மேல் கறுப்புப் பொட்டாக எச்சமும் தெரியும்.

கூடாரத்தின் துணியைத் தூசியுறிஞ்சியால் இழுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஒரு மாதம் அளவுக்குக் கஞ்சா இல்லாமல் வெறுமையாக விடுங்கள். துருச்சிலந்திக்கு உயிருள்ள கஞ்சா இலை இல்லாமல் நெடுநாள் தாங்க முடியாது. அடுத்த முறை விதையிலிருந்து தொடங்குங்கள். யாராவது துண்டு தந்தால் வேறு அறையில் மூன்று கிழமை வைத்து, 60 மடங்கில் பார்த்த பின்பே உள்ளே எடுங்கள்.

கரையோரம், செப்டெம்பர் 19

நீண்ட நாளுக்குப் பின் எழுதுகிறேன். அழுக்கணவன் தண்ணீருக்கும் சோப்புக்கும் அடங்கியது. ஆகஸ்டில் பூ தொடங்கியதும் சோப்பையும் நிறுத்திவிட்டேன். இப்போது கொழுத்த பூக்கொத்து ஒன்றின் நடுவில் ஒரே ஒரு இலை மட்டும் காய்ந்து பழுப்பாகத் தெரிந்தது. இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. சுற்றியுள்ள மற்ற எல்லாம் பச்சை.

மிசிசாகா_அக்கா, செப்டெம்பர் 19

அந்தக் கொத்தை உடனே பிரித்துப் பாருங்கள், தம்பி. உள்ளே சாம்பல் பூஞ்சணமும், சின்னக் கறுப்பு உருண்டைகளாக எச்சமும், துளையும் இருக்கும். புழு ஒன்று உள்ளே புகுந்து தின்று எச்சம் இட்ட இடத்தில் ஈரம் தேங்கி, பொட்ரைட்டிஸ் பிடித்திருக்கிறது.

கரையோரம், செப்டெம்பர் 20

நீங்கள் சொன்னபடியே இருந்தது. விரல்நக நீளத்தில் ஒரு புழுவும் அகப்பட்டது. பி.டி. அடிக்கலாமா?

பூச்சிநோக்கி, செப்டெம்பர் 20

குர்ஸ்டாக்கி வகைப் பி.டி. புழுவுக்குச் சரியான மருந்துதான், ஆனால் புழு அதைத் தின்றால்தான் சாகும். கொத்துக்குள் இருக்கிற புழு வெளியில் படிந்ததைத் தின்னப்போவதில்லை. வெயிலில் அது சில நாளிலேயே கெட்டுவிடுவதால், ஆகஸ்டில், முட்டை பொரிந்து குஞ்சுப்புழு இலையில் நடமாடும்போது, மாலை நேரத்தில் அடித்திருந்தால் பயன். இப்போது நனைத்தால் பூஞ்சணத்துக்குத்தான் உதவி.

இனிமேல் கைதான் கருவி. பழுப்பான கொத்தை, பூஞ்சணம் தெரியும் இடத்துக்குக் கீழே நலமான தண்டோடு சேர்த்து வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், செடியின் மேல் உதறிவிடாதீர்கள். மிச்சக் கொத்துகளைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். ஒற்றை இலை வாடினால் அதுவே அறிவிப்பு. மழை வரும் நாளில் சாடியைக் கூரைக்குக் கீழே இழுத்துவிட்டு, காலைப் பனியைக் கிளையை மெதுவாகத் தட்டி உதிர்த்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த பகுதியைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு அதை இழுப்பது ஆபத்து. வானிலை தொடர்ந்து ஈரம் என்றால் ஒரு கிழமை முந்தி அறுப்பதே நல்லது.

கரையோரம், அக்டோபர் 8

இரண்டையும் அறுத்துவிட்டேன். கழித்தது போக நல்ல பூ போதுமான அளவு கிடைத்தது. அடித்தண்டுகளையும் உதிர்ந்த இலையையும் வளவின் மூலையில் குவித்து வைத்திருக்கிறேன். வசந்தம் வரை அங்கேயே உக்கட்டுமா?

பூச்சிநோக்கி, அக்டோபர் 8

வேண்டாம். கஞ்சா அழுக்கணவன் இலையுதிர் காலத்தில்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து செடியில் முட்டை இடுகிறது. அந்த முட்டை குளிரைத் தாங்கும். சோளத் தண்டுத் துளைப்பானின் வளர்ந்த புழுவும் தண்டுக்குள் இருந்தே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தின் பின் அந்துப்பூச்சியாக வெளிவரும். அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே சுரங்கமும், கரும்பழுப்புத் தலையோடு வெளிர் நிறப் புழுவும் இருந்தால் உங்கள் கொத்தைத் தின்றதும் அதன் உறவாக இருக்கக்கூடும். எப்படியானாலும் தண்டுகளைச் சிறு துண்டுகளாக நொறுக்கி, இலையோடு சேர்த்துக் கட்டி, பனி விழ முன்னர் வளவிலிருந்து அகற்றிவிடுங்கள். சாடி மண்ணை மிளகாய்க்குப் பயன்படுத்தலாம். அடுத்த வருடக் கஞ்சாவுக்குப் புது மண் போடுங்கள்.